முதலில் அம்புக்குறியை வரையுங்கள்: பொறியியல் முதலாண்டுக்கு வெக்டர்

பொறியியல் முதலாண்டில் இயற்பியல் தொடங்கிய உடனேயே வெக்டர் வந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வகுப்புகளில் முடிந்தும்விடும். பிளஸ் ஒன்னில் படித்ததுதானே என்று ஆசிரியரும் நகர்ந்துவிடுவார், மாணவர்களும் நகர்ந்துவிடுவார்கள். அப்புறம் சுவரில் சாய்த்த ஏணி, கம்பியில் தொங்கும் விளக்கு என்று கணக்குகள் வரும்போது, எங்கே சைன் போடுவது, எங்கே காஸ் போடுவது என்று கை தடுமாறும். கால்குலஸ் கடினம் என்று அதன்மேல் பழியைப் போடுகிறோம். என் பார்வையில் முதலாண்டு இயந்திரவியலில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் கால்குலஸில் விழுவதில்லை. அதற்கு முன்பே, வெக்டரை எண்களாக மாற்றும் இடத்தில் விழுந்துவிடுகிறார்கள்.

"எண்மதிப்பும் திசையும் உள்ள அளவு வெக்டர்" என்று எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வரையறை பாதிதான் சரி. மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, சுற்றுப்படத்தில் அம்புக்குறியும் போடுகிறோம். ஆனால் ஒரு சந்திப்பில் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் வந்து சேர்ந்தால் வெளியே போவது 7 ஆம்பியர்தான். இரண்டு கம்பிகளும் 30 டிகிரியில் சேர்ந்தாலும் சரி, 90 டிகிரியில் சேர்ந்தாலும் சரி. 3 நியூட்டனும் 4 நியூட்டனும் ஒரு பொருளை இழுத்தால் கதை வேறு. ஒரே திசையில் இழுத்தால் 7, எதிரெதிராக இழுத்தால் 1, செங்கோணத்தில் இழுத்தால் 5. மற்ற கோணங்களில் 1க்கும் 7க்கும் நடுவே எதுவும் வரலாம். விசை வெக்டர். மின்னோட்டம், கோணம் பார்க்காமல் வெறும் எண்ணாகக் கூடுவதால், ஸ்கேலர்.

இன்னும் நுட்பமான ஒரு சோதனை உண்டு, செய்து பாருங்கள். மேசையில் ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரியும்படி வையுங்கள். எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி, அட்டை உங்களைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இது 90 டிகிரி சுழற்சி. அடுத்து, நின்றபடியே அதைப் பம்பரம் போல 90 டிகிரி திருப்புங்கள். அட்டை இப்போது பக்கவாட்டில் பார்க்கும். வரிசையை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் மேசையில் படுத்தபடியே 90 டிகிரி திருப்பி, அப்புறம் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நிறுத்துங்கள். அட்டை உங்களைப் பார்த்து நிற்கும். சுழற்சிக்கு அளவு உண்டு, டிகிரியில் சொல்லலாம். திசையும் உண்டு, எந்த அச்சைச் சுற்றி என்று சொல்லலாம். ஆனாலும் வரிசை மாறினால் விடை மாறுகிறது. வெக்டர்களைக் கூட்டும்போது எதை முதலில் வைத்தாலும் விடை ஒன்றுதான். ஆகவே பெரிய சுழற்சிகள் வெக்டர் அல்ல. மிகமிகச் சிறிய சுழற்சிகளுக்கு இந்தச் சிக்கல் மறைந்துவிடுவதால் கோணத் திசைவேகம் மட்டும் வெக்டர் ஆகிவிடுகிறது.

எனவே வரையறையில் விடுபட்ட பாதி, கூட்டல் விதி. ஒரு அம்பின் தலையில் அடுத்த அம்பின் வாலை வைத்து, முதல் வாலிலிருந்து கடைசித் தலைக்குக் கோடு போட்டால் வருவதே தொகுபயன். இப்படிக் கூடும் அளவுகளே வெக்டர்கள். 1687இல் நியூட்டன் மூன்று இயக்க விதிகளைச் சொல்லி முடித்ததும், அவற்றிலிருந்து வரும் முதல் கிளைத்தேற்றமாக, இணைகர விதி எனப்படும் இந்தக் கூட்டல் விதியைத்தான் வைத்தார். இது இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட விசைகள் உள்ள எந்தக் கணக்கிலும் இரண்டாம் விதியைப் பயன்படுத்தவே முடியாது.

இந்த விதி நம் உள்ளுணர்வை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, நடுவில் 100 நியூட்டன் எடையைத் தொங்கவிடுகிறோம். கயிற்றின் ஒவ்வொரு பாதியும் கிடைமட்டத்தோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் கயிற்றின் இழுவிசை சரியாக 100 நியூட்டன். கயிறு தொய்வாகத் தெரிகிறதே என்று இழுத்துக் கட்டிச் சாய்வை 10 டிகிரியாக்கினால் 288 நியூட்டன். 5 டிகிரியில் 574. 1 டிகிரியில் 2,865 நியூட்டன். தொங்கும் எடை மாறவே இல்லை, கயிறோ கிட்டத்தட்ட முப்பது மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எடையைத் தாங்குவது இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டும்தான். கயிறு படுக்கப் படுக்க அந்தக் கூறு சிறுத்துப்போகிறது. அதை ஈடுகட்ட மொத்த இழுவிசை பெருக்க வேண்டும். முழுக்கக் கிடைமட்டமான கயிற்றில் எதையும் தொங்கவிட முடியாது, எவ்வளவு உறுதியான கயிறாக இருந்தாலும். மின்கம்பிகள் கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்தபடி போவது இதனால்தான். தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டினால் கம்பியும் கம்பமும் வீணாக அவதிப்படும். குளிரில் கம்பி சுருங்கும்போது அறுந்தும் போகலாம்.

கூறு என்ற சொல் வந்துவிட்டது. நாம் தேர்ந்தெடுத்த ஒரு திசையில் வெக்டர் எவ்வளவு இருக்கிறது என்பதே கூறு. பெரும்பாலான குழப்பம் கூடுகட்டியிருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சென்னை விமான நிலையத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஒன்றின் பெயர் 07/25, மற்றதன் பெயர் 12/30. இந்த எண்கள் திசைகள்: காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து முழுமையாக்கினால் ஓடுபாதையின் எண் கிடைக்கும். 07 என்றால் ஏறக்குறைய 70 டிகிரி, 12 என்றால் 120 டிகிரி. இப்போது 110 டிகிரி திசையிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 07இல் இறங்கும் விமானிக்குக் காற்று 40 டிகிரி கோணத்தில் வருகிறது. எதிர்க்காற்று, 20ஐ காஸ் 40ஆல் பெருக்க, 15.3 நாட். பக்கக்காற்று, 20ஐ சைன் 40ஆல் பெருக்க, 12.9 நாட். அதே காற்றில் 12ஆம் ஓடுபாதையில் இறங்கினால் கோணம் 10 டிகிரிதான். எதிர்க்காற்று 19.7, பக்கக்காற்று 3.5.

காற்று ஒன்றுதான். அது யாரையும் கேட்டு வீசவில்லை, எந்த ஓடுபாதையும் அதை மாற்றவில்லை. மாறியது நாம் தேர்ந்தெடுத்த அச்சு. 07இல் கிடைத்த இரண்டு கூறுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினாலும் 400 வரும், 12இல் கிடைத்த இரண்டு கூறுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினாலும் 400 வரும், இரண்டுக்கும் வர்க்கமூலம் 20. வெக்டர் உலகத்துக்குச் சொந்தம், கூறுகள் நமக்குச் சொந்தம். இந்த ஒரு வாக்கியம் உண்மையில் புரிந்துவிட்டால் முதலாண்டு இயற்பியலின் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது தலைகீழ். வெக்டர் என்றதுமே ஐ, ஜே, கே அலகு வெக்டர்களை எழுதி, மூன்று எண்களின் தொகுப்பாக அறிமுகம் செய்துவிடுகிறோம். கணக்குப் போட அது வசதிதான், மறுக்கவில்லை. கணினிக்கும் எண்கள்தான் வேண்டும். ஆனால் அந்த எண்கள் யாரோ வைத்த அச்சில் எடுக்கப்பட்டவை என்பது மாணவருக்குத் தெரியாமலேயே போகிறது. அச்சு என்றால் கிடைமட்டமும் செங்குத்தும்தான், அது வானத்திலிருந்து வந்தது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது.

சாய்தளக் கணக்கில் இந்த எண்ணம் எவ்வளவு இடைஞ்சல் என்று பாருங்கள். பலகை கிடைமட்டத்தோடு ஏதோ ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கிறது, மேலே ஒரு கட்டை வழுக்குகிறது. கிடைமட்டமும் செங்குத்துமாக அச்சு வைத்தால், பலகை தன் பரப்புக்குச் செங்கோணத்தில் தரும் விசை, உராய்வு, முடுக்கம் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அச்சையே பலகையோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால், உடைக்க வேண்டியது எடையை மட்டும்தான். பலகைக்கு இணையாக எடை பெருக்கல் சைன், பலகைக்குள் அழுத்தும் திசையில் எடை பெருக்கல் காஸ். எது சைன், எது காஸ் என்று சந்தேகம் வந்தால் மனப்பாடத்தில் தேடாதீர்கள். கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். பலகை தரையோடு படுத்துவிட்டால் கட்டை வழுக்காது, எனவே வழுக்கும் கூறு பூஜ்யமாக வேண்டும். பூஜ்யத்தில் பூஜ்யமாவது சைன். அவ்வளவுதான். 90 டிகிரி வைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்: பலகை செங்குத்தாக நின்றால் முழு எடையும் கீழே இழுக்க வேண்டும், சைன் 90 ஒன்று, சரி. பலகையின் கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்து கொடுத்திருந்தால் சைனும் காஸும் இடம் மாறும். "எக்ஸ் என்றால் காஸ், ஒய் என்றால் சைன்" என்று வாய்ப்பாடாக வைத்திருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லைச் சோதனை தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்வதில்லை.

பெருக்கலுக்கு வருவோம். வெக்டர்களைப் பெருக்க ஏன் இரண்டு வழிகள் என்று பல மாணவர்களுக்கு உள்ளூரக் கேள்வி உண்டு. கேட்கத் தயங்குகிறார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் முப்பரிமாணத்தில் பெருக்கக்கூடிய எண்களைப் பல ஆண்டுகள் தேடினார். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையில் மனைவியோடு நடந்துபோகும்போது விடை தோன்றியது. மூன்று போதாது, நான்கு உறுப்புகள் வேண்டும். அந்தச் சமன்பாட்டை அங்கிருந்த பாலத்தின் கல்லில் கத்தியால் கீறினார். குவாட்டர்னியன் எனப்படும் அந்த எண்ணில் ஒரு பகுதி வெறும் எண், மற்ற மூன்றும் சேர்ந்து ஒரு திசை. ஸ்கேலர், வெக்டர் என்ற பெயர்களை அவற்றுக்கு வைத்தவரும் அவரே. நாம் எழுதும் ஐ, ஜே, கே அவருடைய பாலத்திலிருந்து வந்தவைதான்.

வெக்டர் பகுதி மட்டுமுள்ள இரண்டு குவாட்டர்னியன்களைப் பெருக்கினால் ஒரே அடியில் இரண்டும் வந்துவிழும்: இன்றைய புள்ளிப் பெருக்கல், எதிர்க்குறியோடு, கூடவே இன்றைய குறுக்குப் பெருக்கல். இயற்பியலில் வேலை செய்தவர்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசையா வில்லார்ட் கிப்ஸும், இங்கிலாந்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துத் தானாகவே படித்த ஆலிவர் ஹெவிசைடும், ஒருவரையொருவர் சாராமல், 1880களில் அந்தப் பெருக்கலை இரண்டாக வெட்டினார்கள். குவாட்டர்னியன் ஆதரவாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1890களில் அறிவியல் இதழ்களில் கடுமையான சண்டையே நடந்தது. வென்றது கிப்ஸ், ஹெவிசைடு வழி. நம் பாடநூல்களில் இருப்பது அதுதான். குவாட்டர்னியனும் சாகவில்லை: செயற்கைக்கோள்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கணக்கிடும் மென்பொருளிலும், முப்பரிமாண விளையாட்டுகளிலும் சுழற்சியை இன்றும் அதை வைத்துத்தான் கையாள்கிறார்கள். மேலே புத்தகத்தை வைத்துப் பார்த்தோமே, அந்த வரிசைச் சிக்கலைக் குவாட்டர்னியன் இயல்பாகவே உள்ளடக்கிக்கொள்கிறது.

பயன்பாட்டில் இரண்டின் வேலையும் எளிது. புள்ளிப் பெருக்கல், ஒரு வெக்டரில் எவ்வளவு மற்றதன் திசையில் இருக்கிறது என்று கேட்கிறது. பெட்டியை 200 நியூட்டன் விசையில், தரையோடு 60 டிகிரி சாய்ந்த கயிற்றால் 10 மீட்டர் இழுத்தால், செய்யப்பட்ட வேலை 2,000 ஜூல் இல்லை, 1,000 ஜூல். மீதி விசை பெட்டியைத் தூக்கப் பார்க்கிறது, நகர்த்தவில்லை. குறுக்குப் பெருக்கல் இதற்கு நேரெதிர்க் கேள்வி: எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது? லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற 0.4 மீட்டர் ஸ்பானரின் முனையில் கைப்பிடிக்குச் செங்குத்தாக 250 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். அதே விசையைக் கைப்பிடியோடு 30 டிகிரியில் கொடுத்தால் 50தான். விடையின் திசை நட்டின் அச்சு வழியே இருக்கும், வலக்கை விதிப்படி. அந்தத் திசையில் எதுவும் நகரவில்லையே என்று குழம்ப வேண்டாம். சுழற்சிக்குத் தனியாக ஒரு கோடு சொல்ல வேண்டுமென்றால், சுழலும்போது அசையாமல் இருக்கும் ஒரே கோடு அச்சுதான்.

இவ்வளவும் தெரிந்தும் கட்டடம் விழலாம். எந்தப் பொருளின் மீது எந்த அம்பு என்று கேட்கத் தவறினால் போதும். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் பெரிய கூடத்தில், இரண்டாம் தளத்திலும் நான்காம் தளத்திலும் ஒன்றின் கீழ் ஒன்றாக நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இரண்டு பாலங்களையும் ஊடுருவிக் கீழே வரை போக வேண்டும். ஒவ்வொரு பாலமும் அந்தக் கம்பியில் தனக்கான நட்டில் உட்கார்ந்திருக்கும். கட்டும்போது, நீளக் கம்பி முழுக்க மரை வெட்டுவது சிரமம் என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். கூரையிலிருந்து நான்காம் தளம் வரை ஒரு கம்பி. நான்காம் தளப் பாலத்தைத் தாங்கும் குறுக்கு விட்டத்திலிருந்து இரண்டாம் தளம் வரை இன்னொரு கம்பி.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. மொத்த எடை அதேதான், கூரைக்கு வரும் இழுவிசையும் அதேதான். நான்காம் தள விட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, ஃப்ரீ பாடி டயகிராம் என்று நாம் சொல்லும் அந்தத் தனித்த பொருளின் விசைப்படத்தை வரைந்து பாருங்கள். முதல் வடிவமைப்பில் விட்டத்தைத் தாங்கும் நட்டு சுமந்தது நான்காம் தளப் பாலத்தின் பாரத்தை மட்டும். மாற்றிய வடிவமைப்பில் கீழ்ப் பாலமும் அதே விட்டத்தைப் பிடித்து இழுக்கிறது. கீழ்நோக்கி இன்னொரு அம்பு கூடிவிட்டது, ஆகவே மேல்நோக்கிய நட்டின் விசை இரண்டு மடங்கு. முதல் வடிவமைப்பே நகர விதிகள் கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது நான்காம் தள விட்டத்தின் இணைப்பு பிய்ந்து, இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். அந்த இணைப்பைக் கணக்கிட முக்கோணவியல்கூடத் தேவையில்லை. எல்லா அம்பும் ஒரே கோட்டில் மேலும் கீழும்தான். முதலாண்டு மாணவர் ஐந்து நிமிடத்தில் வரையக்கூடிய படம் அது.

அதனால்தான் சமன்பாடு எழுதுவதற்கு முன் படம் வரையச் சொல்கிறோம். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண் என்பதற்காக இல்லை. பொருளைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து தொடுவது எது, தொடாமல் இழுப்பது எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு போடுங்கள். பொருள் மற்றவற்றின் மீது செலுத்தும் விசைக்கு அங்கே இடமில்லை. அச்சு, கூறு, சைன், காஸ் எல்லாம் அப்புறம்.

இயக்கத்திலும் இதே கண் வேண்டும். வேகம் மாறாமல் வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முடுக்கம் உண்டா என்று கேட்டால் பாதி வகுப்பு இல்லை என்றுதான் சொல்லும். முடுக்கம் என்பது திசைவேகம், அதாவது திசையோடு சேர்ந்த வேகம், மாறும் வீதம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும் பஸ்ஸின் முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 2 மீட்டர், வளைவின் மையத்தை நோக்கி. அடுத்தடுத்த இரண்டு கணங்களின் திசைவேக அம்புகளை வாலோடு வால் சேர்த்து வரைந்து, ஒன்றின் தலையிலிருந்து மற்றதன் தலைக்குக் கோடு போட்டால் அது உள்நோக்கியே இருக்கும். திசையை மாற்றுவதற்கும் விசை வேண்டும். வேகமானி முள் அசையாமல் இருந்தாலும்.

திசையை மாற்ற ஆகும் செலவு பெரிய அளவில் தெரிவது ராக்கெட்டில். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே ஏவினால், பூமியின் சுழற்சி விநாடிக்குச் சுமார் 450 மீட்டரை இலவசமாகத் தருகிறது. ஆனால் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போக ராக்கெட் தெற்கே போக வேண்டும். தெற்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழும் பாகங்கள் மக்கள் மீது விழக்கூடாது. எனவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகக் கிளம்பி, அப்புறம் பாதையைத் தெற்கு நோக்கி வளைத்துக்கொள்கிறது. இந்த வளைவுக்கு என்ன விலை? எடுத்துக்காட்டுக்கு விநாடிக்கு 3 கிலோமீட்டரில் போகும் ஒரு ராக்கெட் வேகத்தைக் கூட்டாமல் 20 டிகிரி திரும்புகிறது என்று கொள்வோம். பழைய அம்புக்கும் புதிய அம்புக்கும் இடையிலான வித்தியாசம், 2 பெருக்கல் 3 பெருக்கல் சைன் 10, விநாடிக்கு 1.04 கிலோமீட்டர். முன்னே ஒரு மீட்டர் வேகம்கூடக் கூடவில்லை, ஆனால் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் திசைவேக மாற்றத்துக்கான எரிபொருள் போய்விட்டது. பி.எஸ்.எல்.வி. போன்ற பெரிய ராக்கெட் இந்தச் செலவைச் சமாளித்துக்கொள்ளும். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டில் இதுபோன்ற செலவு சுமக்கும் செயற்கைக்கோளின் எடையைப் பெரிதும் தின்றுவிடும்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதற்குக் காரணம் இந்த வெக்டர் கழித்தல்தான். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல் மட்டுமே, வளைய வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் அந்த இடமும் மாற்றாது: கிழக்கே ஏவும்போது இலவசமாக வந்த பூமியின் வேகம், தெற்கே போகும் ராக்கெட்டுக்குக் கழித்துத் தீர்க்க வேண்டிய கூறாகிவிடுகிறது. குலசேகரப்பட்டினம் நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருப்பதால் அந்தக் கூறு அங்கே விநாடிக்குச் சுமார் 460 மீட்டர், ஸ்ரீஹரிகோட்டாவைவிடக் கொஞ்சம் அதிகம்.